லினக்ஸ் மின்ட்: தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் கணினியில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் அது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. இதனால், 2014, 2015 வாக்கில் வாங்கி இன்றும் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி வீடுகளிலும் பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் எழுந்திருக்கிறது. புதிய கணினி வாங்குவது ஒரு வழி. கணினியை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். விலையில்லாமல் கிடைக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணம் அன்று. கணினியில் எது எப்போது மாற வேண்டும் என்ற முடிவை அதன் உரிமையாளரிடமே விட்டுவிடும் இயல்பு அதன் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறது.

இயங்குதளம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்துகிறீர்கள். அந்த அழுத்தம் மின்குறியாகக் கணினிக்குள் செல்கிறது. அப்போது திரையில் உலாவியும் திறந்திருக்கலாம், கடிதம் எழுதும் மென்பொருளும் திறந்திருக்கலாம். அந்த எழுத்து யாருக்குப் போய்ச் சேர வேண்டும், எழுதியதைச் சேமிக்கச் சொன்னால் வட்டில் எந்த இடத்தில் வைக்க வேண்டும், இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தைக் கேட்டால் எப்படிப் பங்கிட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் மென்பொருள்தான் இயங்குதளம். வன்பொருளோடு நேரடியாக உறவாடும் அதன் உட்பகுதியைக் கர்னல் என்கிறோம். நாம் கண்ணால் பார்க்கும் சாளரங்கள், பட்டியல்கள், கோப்புறைகள் ஆகியவை அந்தக் கர்னலின் மேல் அடுக்கப்பட்ட தனித்தனி மென்பொருள்கள்.

கடையில் வாங்கும்போதே விண்டோஸ் நிறுவப்பட்டு வருவதால், அதுவும் திரையையும் விசைப்பலகையையும் போலக் கணினியின் ஓர் உறுப்பு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில் அது வட்டில் எழுதப்பட்ட மென்பொருள். அதை அழித்துவிட்டு வேறொன்றை எழுதலாம். அல்லது வட்டைப் பிரித்து இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். இது ஒன்று புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிதாகப் புரியும்.

கட்டற்ற மென்பொருள்

ஒரு மென்பொருளை எழுதுபவர் முதலில் மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மூலநிரலாக அதை எழுதுகிறார். பின்னர் அது கணினிக்கு மட்டுமே புரியும் வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. பெரும்பாலான வணிக நிறுவனங்கள் இந்த இரண்டாவது வடிவத்தை மட்டும் விற்கின்றன; மூலநிரலைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. மூலநிரல் கையில் இல்லாதவரால் அந்த மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்கவும் முடியாது, பிழையைத் திருத்தவும் முடியாது.

இந்த நிலைக்கு மாற்றாக 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம். அதன் மூலநிரலைப் படித்து மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குத் தரலாம். மாற்றிய வடிவத்தையும் தரலாம். இந்த நான்கு உரிமைகளும் பயனருக்கு இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள் என்று அவர் வரையறுத்தார். இவ்வுரிமைகளைச் சட்டப்படி உறுதிசெய்யும் ஜிபிஎல் உரிமம் 1989-இல் வெளிவந்தது. அந்த உரிமத்தில் மிக முக்கியமான ஒரு நிபந்தனை உண்டு: இந்த மென்பொருளை மாற்றி நீங்கள் பிறருக்கு வழங்கினால், உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவர்களுக்கும் வழங்க வேண்டும். பொதுவில் வைத்த உழைப்பை ஒருவர் எடுத்துப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாமல் செய்தது இந்த நிபந்தனைதான்.

குனூ திட்டத்தில் பல கருவிகள் உருவாகிவிட்டன. கர்னல் மட்டும் தயாராகவில்லை. 1991 ஆகஸ்டில், ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிக்கொண்டிருந்த ஒரு கர்னலைப் பற்றி இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அடுத்த ஆண்டே அதை ஜிபிஎல் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அதுவே லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குள் இயங்குவதும் இந்தக் கர்னல்தான். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. ஆகவே, இலவசமாகக் கிடைப்பதால் தரம் குறைவாக இருக்குமோ என்று ஐயப்படுபவர், தம் சட்டைப்பையிலேயே அது பல ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கலாம்.

வழங்கல்கள் ஏன் இத்தனை?

கர்னலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சாதாரணப் பயனர் எதுவும் செய்ய முடியாது. கர்னல், குனூ கருவிகள், சாளரச் சூழல், உலாவி, அலுவலக மென்பொருள் ஆகியவற்றை ஒன்றாகக் கோத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்து, நிறுவத் தயாரான நிலையில் தரும் முழுத் தொகுப்பை வழங்கல் என்று அழைக்கிறோம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு வழங்கலை உருவாக்கலாம் என்பதால் நூற்றுக்கணக்கானவை இருக்கின்றன. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

மின்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்த உறவு விளங்கும். 1993-இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் ஒரு பெரிய ஆறு. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பல்லாயிரம் மென்பொருள் பொதிகளை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள்களை, அதில் பராமரிக்கிறார்கள். 2004-இல் மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியில் வந்த உபுண்டு அந்த ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால். லினக்ஸ் மின்ட் அந்த வாய்க்காலிலிருந்து நீர் பெறும் வயல். வாய்க்காலில் நீர் நின்றுபோனாலும் பயிர் வாடிவிடக்கூடாது என்பதற்காக, டெபியனிலிருந்தே நேரடியாக எடுக்கும் எல்எம்டிஇ என்ற தனிப் பதிப்பையும் மின்ட் குழுவினர் பராமரித்து வருகிறார்கள். ஒரே நிறுவனத்தைச் சார்ந்து நிற்கக்கூடாது என்ற இந்த முன்யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதே முறையில்தான் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தினர் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கினார்கள். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பயன்படும் கைட் லினக்ஸும் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதே. இவர்களில் யாரும் உரிமத் தொகை கட்டவில்லை. யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்கவில்லை.

மின்ட்டின் கதை

லினக்ஸ் மின்ட் 2006-இல் கிளெமோன் லெஃபெவ்ர் என்பவரால் தொடங்கப்பட்டது. முதல் பதிப்பின் பெயர் ஏடா. அதிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு பதிப்புக்கும் ஆங்கில அகரவரிசையில் ஒரு பெண் பெயர் சூட்டி வருகிறார்கள். 2024 ஜூலையில் வந்த 22-ஆம் பதிப்பு வில்மா. அடுத்து வந்த 22.1 ஷியா, அதற்கடுத்த 22.2 ஸாரா. இந்த 22 வரிசை முழுவதும் உபுண்டு 24.04-இன் மேல் அமைந்தது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

மின்ட் ஏன் புதியவர்களுக்கு உகந்ததாக இருக்கிறது என்பதற்கான விடை 2011-ஆம் ஆண்டு நிகழ்வுகளில் இருக்கிறது. அதுவரை பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் க்னோம் 2 என்ற சாளரச் சூழல் இருந்தது. கீழேயோ மேலேயோ ஒரு பட்டை, அதில் ஒரு பட்டியல் பொத்தான், திறந்திருக்கும் சாளரங்களின் வரிசை, ஓரத்தில் கடிகாரம் என்று எல்லோருக்கும் பழகிய அமைப்பு அது. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 இந்த அமைப்பை முற்றிலும் கைவிட்டது. அதே மாதம் உபுண்டுவும் யூனிட்டி என்ற தன் சொந்தச் சூழலுக்கு மாறியது. பழகிய மேசையில் இருந்த பொருள்களையெல்லாம் ஒரே இரவில் இடம் மாற்றி வைத்ததுபோன்ற நிலை பயனர்களுக்கு ஏற்பட்டது. எதிர்ப்பும் பலமாக எழுந்தது.

மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். நிறுவனம் மாற்றிவிட்டது, பயனர் பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இங்கே மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர், கைவிடப்பட்ட க்னோம் 2-இன் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்து வளர்க்கத் தொடங்கினார். மின்ட் அதை ஆதரித்தது. மின்ட் குழுவினர் இன்னொரு பக்கம் க்னோம் 3-இன் புதிய தொழில்நுட்பத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் பழகிய பட்டையும் பட்டியலும் கொண்ட சின்னமன் என்ற புதிய சூழலை எழுதினார்கள். 2012 மே மாதம் வெளியான 13-ஆம் பதிப்பு, மாட்டே, சின்னமன் என இரு வடிவங்களிலும் கிடைத்தது. நிரல் எழுதத் தெரியாத சாதாரணப் பயனருக்கு மூலநிரல் திறந்திருப்பதால் என்ன பயன் என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. நீங்கள் நிரலைப் படிக்க வேண்டியதில்லை. உங்களைப் போலவே எண்ணும் வேறு ஒருவர் படித்து, உங்களுக்கும் சேர்த்து அதைக் காப்பாற்ற முடிகிறது என்பதே அதற்கான விடை. சின்னமன் பிறந்த விதத்தைவிட இதற்கு நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

திறந்ததும் என்ன தெரியும்?

மின்ட் இன்று மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. கடந்த பத்தாண்டுகளில் வாங்கிய, 4 ஜிபி நினைவகமாவது உள்ள கணினிக்குச் சின்னமன் போதும். அதைவிடப் பழையதாக இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ இலகுவாக ஓடும். குறைந்தது 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டு இடமும் வேண்டும் என்று மின்ட் சொல்கிறது. வசதியாகப் பயன்படுத்த 4 ஜிபியும் 100 ஜிபியும் இருப்பது நல்லது. கணினி 64-பிட் செயலி கொண்டதாக இருக்க வேண்டும். பழைய மடிக்கணினியில் சுழலும் வன்தட்டு இருந்தால், அதை எடுத்துவிட்டு சுழலும் பாகங்கள் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைச் சிறியதாகப் பொருத்திக்கொள்ளுங்கள். எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் கிடைக்காத வேகம் இதில் கிடைக்கும்.

சின்னமனில் திரையின் கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல் பொத்தான், வலது மூலையில் கடிகாரமும் வைஃபை குறியும் இருக்கும். விசைப்பலகையில் விண்டோஸ் குறியுள்ள விசையை அழுத்தினால் பட்டியல் திறக்கும். மென்பொருளின் பெயரில் இரண்டு எழுத்துகளைத் தட்டினாலே அது மேலே வந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, லிப்ரே ஆஃபீஸ் அலுவலகத் தொகுப்பு, பிடிஎஃப் படிப்பான், படம் பார்ப்பதற்கும் ஒளிப்படக் காட்சிகளுக்குமான கருவிகள் ஆகியவை முதல் நாளிலேயே இருக்கும். எந்த நிறுவனத்திலும் கணக்குத் தொடங்காமலே கணினியைப் பயன்படுத்தலாம்.

விண்டோஸிலிருந்து வருபவர் முதலில் தேடுவது சி டிரைவ், டி டிரைவ். அவை இங்கே இல்லை. எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். உங்களுக்கென்று ஒரு வீட்டுக் கோப்புறை இருக்கும். ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் எல்லாம் அதற்குள்தான். பென்டிரைவைச் செருகினால் கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் அதன் பெயர் வந்துவிடும்.

இரண்டாவதாக மாற வேண்டிய பழக்கம், மென்பொருள் நிறுவும் முறை. ஏதாவது ஓர் இணையதளத்தைத் தேடிப்போய் நிறுவல் கோப்பைப் பதிவிறக்கும் வழக்கம் இங்கே பெரும்பாலும் தேவையில்லை. மென்பொருள் மேலாளரைத் திறந்து, வேண்டியதைத் தேடி, நிறுவு என்ற பொத்தானை அழுத்தி, கடவுச்சொல்லைத் தந்தால் போதும். அங்கே இருப்பவை மின்னணுக் கையொப்பமிடப்பட்ட மென்பொருள் களஞ்சியங்களிலிருந்து வருகின்றன; வழியில் யாராவது மாற்றியிருந்தால் கணினி அதை ஏற்காது. கடவுச்சொல் கேட்காமல் எந்த மென்பொருளும் இயங்குதளத்தின் உட்கோப்புகளைத் தொட முடியாது என்பதும் சேர்ந்தே லினக்ஸில் நச்சுநிரல் தொல்லை குறைவாக இருக்கிறது. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை இங்கும் தேவை.

முடிவு உரிமையாளருடையது என்று தொடக்கத்தில் சொன்னதை இரண்டு கருவிகளில் தெளிவாகக் காணலாம். ஒன்று, இற்றைப்படுத்தல் மேலாளர். புதிய திருத்தங்கள் வந்தால் பட்டையில் ஒரு கேடயக் குறி காட்டும். எவை வந்திருக்கின்றன என்று பார்த்து, உங்களுக்கு வசதியான நேரத்தில் நிறுவிக்கொள்ளலாம். தானாகவே நடக்க வேண்டும் என்றால் அதற்கும் அமைப்பு உண்டு. ஆனால் நீங்கள் கேட்டால்தான் அது நடக்கும். அவசரமாக ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது கணினி தானே அணைந்து எழுவது என்பது இங்கே இல்லை.

மற்றொன்று டைம்ஷிஃப்ட். இது இயங்குதளக் கோப்புகளின் அன்றைய நிலையை அப்படியே படியெடுத்து வைக்கும். ஒரு திருத்தத்துக்குப் பிறகு ஏதாவது கோளாறு வந்தால், முந்தைய நாளின் நிலைக்குச் சில நிமிடங்களில் திரும்பிவிடலாம். திரையே வராத அளவுக்குக் கெட்டுப்போனாலும், நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கி, அதிலிருந்தே டைம்ஷிஃப்ட்டை இயக்கி மீட்டெடுக்கலாம். உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள கடிதங்களையும் படங்களையும் அது இயல்பாகப் படியெடுப்பதில்லை என்பதை மறக்கக்கூடாது. அவற்றுக்கு வெளி வட்டில் தனியாக ஒரு படி வைத்தாக வேண்டும்.

2020-இல் மின்ட் எடுத்த ஒரு முடிவையும் இங்கே குறிப்பிட வேண்டும். உபுண்டுவில் குரோமியம் உலாவியை நிறுவச் சொன்னால், ஸ்னாப் என்ற வேறொரு பொதி முறை பயனரைக் கேட்காமலே உள்ளே வந்து அமர்ந்தது. மின்ட் தன் 20-ஆம் பதிப்பில் அதைத் தடுத்தது. வேண்டுமென்பவர் அதை எப்படி நிறுவிக்கொள்ளலாம் என்பதையும் எழுதி வைத்தது. தான் எதிலிருந்து பிறந்ததோ அதனிடமே வேண்டாம் என்று சொல்லும் துணிவு அதற்கு இருந்தது.

நிறுவாமலே பார்த்துவிடலாம்

புதியவர்கள் அஞ்ச வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம், மின்ட்டை நிறுவாமலே முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க முடியும் என்பதுதான். அதன் இணையதளத்திலிருந்து இயங்குதளம் முழுவதும் அடங்கிய, ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு கருவியால் 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். சாதாரணமாகக் கோப்பைப் பென்டிரைவுக்கு நகலெடுத்தால் வேலை செய்யாது. இந்தக் கருவிகள்தான் கணினி தொடங்கத்தக்க வடிவில் எழுதுகின்றன. பென்டிரைவில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும்.

பதிவிறக்கிய கோப்பைச் சரிபார்ப்பது பலர் தாண்டிச் செல்லும் படி. தாண்டக்கூடாது. ஐஎஸ்ஓ கோப்புக்கு அருகிலேயே 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண்ணையும் அதற்கான கையொப்பக் கோப்பையும் மின்ட் வெளியிடுகிறது. உங்கள் கோப்பிலிருந்து கணக்கிடும் எண்ணும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவிய ஒருவர், பயனருக்குத் தெரியாமல் உள்ளே நுழைய உதவும் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார். குழுவினர் விரைவில் கண்டுபிடித்துத் தளத்தையே நிறுத்திவைத்து, நடந்ததை வெளிப்படையாக அறிவித்தார்கள். இணைப்பே திருடப்படலாம் என்பதால், எண்ணை ஒப்பிடுவதோடு நிற்காமல் கையொப்பத்தையும் சரிபார்ப்பதே முழுப் பாதுகாப்பு. அதற்கான வழிமுறை மின்ட்டின் கையேட்டில் படிப்படியாக இருக்கிறது.

பென்டிரைவைச் செருகி, கணினியைத் தொடங்கிய உடனே துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் மின்ட் திரை வந்துவிடும். இப்போது அது பென்டிரைவிலிருந்தும் நினைவகத்திலிருந்தும் இயங்குகிறது. நீங்களாகக் கைவைக்காதவரை வட்டில் உள்ள விண்டோஸில் ஒரு மாற்றமும் நேராது. வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, தொடுபட்டையும் கேமராவும் வேலை செய்கின்றனவா, திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். வேகம் சற்றுக் குறைவாகத் தெரிந்தால் அது பென்டிரைவின் வேகம்.

வைஃபை மட்டும் கிடைக்காமல் போவது சில பழைய மடிக்கணினிகளில் நடக்கும். பிராட்காம் சில்லு உள்ளவற்றில் இதை அதிகம் காணலாம். அந்தச் சில்லை இயங்கவைக்கும் சிறு மென்பொருளான இயக்கியைப் பெற இணையம் வேண்டும். இணையத்துக்கோ வைஃபை வேண்டும் என்று சிலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, கைபேசி அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் கணினிக்கு இணையம் வந்துவிடும். பின்னர் இயக்கி மேலாளரைத் திறந்தால், அது தேவையான இயக்கியைத் தானே கண்டுபிடித்துப் பரிந்துரைக்கும்.

மனம் நிறைந்தால் மின்ட்டின் முகப்புத் திரையில் இருக்கும் நிறுவல் குறியைச் சொடுக்கலாம். கேள்விகள் சிலவே: மொழி, விசைப்பலகை, பாடல், காணொளிக் கோப்புகளை ஓட்ட உதவும் பல்லூடக கோடெக்குகள் வேண்டுமா, நேர மண்டலம், பெயர், கடவுச்சொல். கோடெக்குகளுக்கான கட்டத்தில் குறியிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சில பாடல்களும் காணொளிகளும் ஓடாது. கவனம் தேவைப்படும் ஒரே கேள்வி, வட்டை முழுவதும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்கு அருகில் நிறுவுவதா என்பது. முன்னதைத் தேர்ந்தெடுத்தால் வட்டில் உள்ள எல்லாம் போய்விடும். இரண்டில் எதுவானாலும் முக்கியமான கோப்புகளுக்கு வெளி வட்டில் ஒரு படி எடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

விண்டோஸை வைத்துக்கொள்பவர் முன்கூட்டியே இரண்டு வேலைகளைச் செய்துவிட வேண்டும். வட்டில் உள்ளவற்றைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் மறையாக்கம் இயக்கத்தில் இருந்தால், அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விரைவுத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அரை உறக்கத்தில் இருக்கிறது. அதனால் வட்டில் விண்டோஸ் இருக்கும் பகுதியில் மின்ட் எதையும் எழுத முடியாமல் போகும். இவ்வாறு நிறுவிய பின் ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் எதற்குள் செல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும்.

தமிழில் எழுதுவது

யுனிகோடு தமிழ் மின்ட்டில் எந்த ஏற்பாடும் இல்லாமலே சரியாகத் தெரியும். தட்டச்சு செய்வதற்கு, விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ் விசைப்பலகைகள் இருந்தாலும், ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் எம்17என் தொகுப்பையும் மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவிக்கொள்வதே நல்லது. அதில் தமிழ்99, பழைய தட்டச்சுப்பொறி முறை, ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி எழுதும் முறை ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாவது போன்ற தமிழ்99 விதிகள் இந்தத் தொகுப்பில்தான் முறையாக இயங்குகின்றன. உள்ளீட்டு முறை என்ற அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால், பட்டையில் மொழிக்குறி வந்து அமரும்.

பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கங்களில் தயாரித்த ஆவணங்கள் வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துருக் கோப்பை மின்ட்டிலும் நிறுவினால் லிப்ரே ஆஃபீஸில் அவை திறக்கும். புதிதாக எழுதுவதை யுனிகோடில் எழுதுவதே எதிர்காலத்துக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

யாருக்கு இது பொருந்தாது?

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ஃபோட்டோஷாப், இன்டிசைன், டேலி ஆகியவை லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை. லிப்ரே ஆஃபீஸ், வேர்டு கோப்புகளைத் திறக்கும்; எளிய கடிதங்களும் அறிக்கைகளும் சரியாகவே வரும்; ஆனால் நுணுக்கமான அட்டவணைகளும் மேக்ரோக்களும் நிறைந்த கோப்புகளில் வடிவம் கலையலாம். படத் திருத்தத்துக்கு கிம்ப், கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப், ஓவியத்துக்கு கிரிட்டா, பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் ஆகியவை இருக்கின்றன. இவை திறமானவையே என்றாலும், அச்சகத்தோடு நாள்தோறும் இன்டிசைன் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒருவரை இவற்றுக்கு உடனே மாறச் சொல்ல மாட்டேன். வைன் என்ற கருவி விண்டோஸ் மென்பொருள்கள் சிலவற்றை லினக்ஸில் ஓட்டிக் காட்டும். பிழைப்பே ஒரு மென்பொருளை நம்பியிருந்தால் அதை நம்பி இறங்க வேண்டாம். அத்தகையோருக்கு விண்டோஸுக்கு அருகில் மின்ட்டை வைத்துக்கொள்வதே பொருத்தம்.

உலாவியிலேயே பெரும்பாலான வேலையை முடிப்பவர்கள், படிக்கும் மாணவர்கள், எழுத்தாளர்கள், நிரலாக்கம் கற்பவர்கள், வீட்டில் படம் பார்ப்பதற்கும் மின்னஞ்சலுக்கும் கணினியைப் பயன்படுத்தும் முதியவர்கள் ஆகியோருக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைக்கலாம். முதியவர்களுக்கு நிறுவித் தரும்போது எழுத்தின் அளவைக் கூட்டி, அவர்கள் பயன்படுத்தும் நான்கைந்து மென்பொருள்களைப் பட்டையில் பதித்து, டைம்ஷிஃப்ட்டை நாள்தோறும் ஒரு படி எடுக்கும்படி அமைத்துவிட்டுச் சென்றால் பிறகு தொலைபேசி அழைப்புகள் குறைவாகவே வரும்.

இவ்வளவும் நடப்பது நன்கொடையாலும் ஆதரவாளர்களின் உதவியாலும்தான். மின்ட் குழுவினர் தங்கள் மாதாந்தர அறிக்கையில் நன்கொடை தந்தவர்களுக்குப் பெயர் குறிப்பிட்டு நன்றி சொல்கிறார்கள். பணம் தர இயலாதவர்களும் உதவ ஒரு வழி இருக்கிறது. மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தால், சில பட்டியல்கள் தமிழிலும் சில ஆங்கிலத்திலும் கலந்து வருவதைக் காண்பீர்கள். மின்ட் கருவிகளின் மொழிபெயர்ப்பு லாஞ்ச்பேட் என்ற பொதுத் தளத்தில் நடக்கிறது. அங்கே ஒரு கணக்குத் தொடங்கி, தமிழைத் தேர்ந்தெடுத்தால், இன்னும் தமிழாக்கப்படாத தொடர்கள் ஒவ்வொன்றாக வரும். பெரும்பாலானவை மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் இல்லாதவை. எழுதிச் சமர்ப்பிப்பதைக் குழுவினர் பார்த்து ஏற்றுக்கொண்டால், அது பின்வரும் பதிப்புகளில் தமிழில் மின்ட்டைப் பயன்படுத்தும் எல்லோருடைய திரைக்கும் போய்ச் சேரும்.